முனைவர் பட்டத்துக்குப் பின் பல்கலைக்கழகப் பணி: எங்கே தேடுவது, எதில் தொடங்குவது?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென் தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வை முடித்து, சென்ற மாதம் வாய்மொழித் தேர்விலும் தேறியிருக்கிறேன். தண்ணீரை மின்னாற்பகுத்து ஹைட்ரஜன் எடுப்பதற்கு உதவும் நிக்கல் சார்ந்த வினையூக்கிகளே என் ஆய்வுப்பொருள். வயது 31. இளங்கலையில் 72 விழுக்காடும் முதுகலையில் 78 விழுக்காடும் பெற்றேன். நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும் கிடைத்தது, ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைக்கவில்லை. நெட் தேறிய பிறகு இரண்டு ஆண்டுகள் சுயநிதிக் கல்லூரி ஒன்றில் மாதம் 14,000 ரூபாய்ச் சம்பளத்தில் பாடம் நடத்திவிட்டு, அதன்பின் முழுநேர ஆய்வில் சேர்ந்தேன். இதுவரை நான்கு ஆய்வுக்கட்டுரைகள் வெளிவந்துள்ளன. அவற்றில் இரண்டில் நான் முதல் ஆசிரியர்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நாளிலிருந்து வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். தேடுகிறேன் என்று சொன்னாலும், காலையில் எழுந்ததும் வேலைவாய்ப்புச் செய்திகளைத் தொகுத்து அனுப்பும் நான்கைந்து வாட்ஸ்அப் குழுக்களைப் பார்ப்பதுதான் உண்மையில் நடக்கிறது. கடைசி நாளுக்கு முதல் நாள்தான் பல அறிவிப்புகள் கண்ணில் படுகின்றன. மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் உதவிப் பேராசிரியர் பணிக்கு, ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருந்த நிலையில் நெட் தகுதியைக் காட்டி விண்ணப்பித்தேன். தகுதி நீக்கப்பட்டோர் பட்டியலில் என் பெயருக்கு எதிரே, இதர பிற்படுத்தப்பட்டோர் சான்று உரிய படிவத்தில் இல்லை என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் என்று வட்டாட்சியர் தந்த சாதிச் சான்றிதழைத்தான் இணைத்திருந்தேன். அது ஏன் செல்லாது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வெளிநாட்டுப் பேராசிரியர்கள் அறுபது பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு பேர் மட்டும் இடமில்லை என்று பதில் எழுதினார்கள்.

எனக்கு ஆய்வும் பிடிக்கும், வகுப்பறையும் பிடிக்கும். வீட்டில் இனியும் காத்திருக்க முடியாத நிலை. முதலில் ஏதேனும் ஒரு கல்லூரியில் சேர்ந்துகொண்டு அங்கிருந்தபடி தேடுவதா, அல்லது இரண்டு மூன்று ஆண்டுகள், முனைவர் பட்டத்துக்குப் பின் செய்யும் முதுமுனைவர் ஆய்வுக்குச் சென்று வருவதா? அறிவிப்புகளை முறையாக எங்கே பார்ப்பது? இவ்வழியில் நடந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.


காவிரிப்படுகை எழுதியது:

வணக்கம் தம்பி. முதலில் பட்டத்துக்கு வாழ்த்துகள். மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இணைப்பேராசிரியராக இருக்கிறேன். விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் குழுவில் சில முறை அமர்ந்திருக்கிறேன் என்பதால், அந்த மேசையின் பக்கத்திலிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

உங்கள் சான்றிதழ் சிக்கலிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் நம் ஊரிலிருந்து வரும் நல்ல விண்ணப்பங்கள் அதிகமாக விழுவது அங்கேதான். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் வேறு வேறு. மாநிலச் சான்றிதழ் உங்கள் சாதியை மட்டுமே சொல்கிறது. நீங்கள் வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்பதை அது சொல்வதில்லை. மத்திய நிறுவனங்களுக்கு அந்த இரண்டையும் ஒருங்கே உறுதி செய்யும், மத்திய அரசு வகுத்த படிவத்திலான சான்று வேண்டும். அதையும் வட்டாட்சியர்தான் தருகிறார். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். பல அறிவிப்புகள் நடப்பு நிதியாண்டில் பெற்ற சான்றையே கேட்கின்றன. ஆகவே ஒவ்வோர் ஏப்ரலிலும் அதைப் புதுப்பிப்பதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் பெரும்பாலும் கடைசி நாள் தாண்டிவிடும்.

அடுத்து, உங்கள் முனைவர் பட்டம் பல்கலைக்கழக மானியக் குழுவின் எந்த ஆண்டு விதிமுறையின்படி வழங்கப்பட்டது என்ற சான்றைப் பதிவாளர் அலுவலகத்தில் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். பட்டமளிப்பு விழா வரை காத்திருக்கத் தேவையில்லை. தற்காலிகச் சான்றிதழோடு சேர்த்தே கேட்கலாம். நீங்கள் பழைய இடத்தில் பாடம் நடத்திய இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்ந்த நாள், விலகிய நாள், பதவியின் பெயர், வாங்கிய சம்பளம், இளங்கலைக்கா முதுகலைக்கா என்ற விவரம் ஆகிய அனைத்தும் உள்ள அனுபவச் சான்று வேண்டும். நன்னடத்தையுடன் பணியாற்றினார் என்று மட்டும் எழுதிய தாளுக்கு எங்கள் மேசையில் மதிப்பில்லை.

இனி, அழைப்புப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில், பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கென்று ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. உங்கள் கணக்கை அதில் போட்டுப் பார்த்தேன். இளங்கலையில் 60க்கு மேல் 80க்குள் என்பதால் 13, முதுகலைக்கு 23, முனைவர் பட்டத்துக்கு 30, நெட் தகுதிக்கு 5, கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் நான்குக்கு 8. ஆக 79. கற்பித்தல் அனுபவம் ஆண்டுக்கு 2 வீதம் ஏற்கப்பட்டால் 83 ஆகிறது. கட்டுரைகளுக்கு உச்சவரம்பு 10 என்பதால் ஐந்தாவது கட்டுரைக்குப் பிறகு இந்த அட்டவணையில் மேலும் மதிப்பெண் கிடையாது. முதுமுனைவர் ஆய்வுக்கும் ஆண்டுக்கு 2தான், உச்சவரம்பும் அதே 10தான். எண்ணிக்கைக்காகப் பணம் கட்டிக் கட்டுரை வெளியிடும் இதழ்கள் பக்கம் போவது வீண் என்பதற்கு இதைவிட எளிய காரணம் தேவையில்லை. மானியக் குழு ஏற்கும் இதழ்களைச் சொல்லிவந்த யுஜிசி-கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டுவிட்டதால், இதழின் தரத்தை இப்போது குழுவே நேராகப் பார்க்கிறது.

அந்த மதிப்பெண் நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டுமே. அழைத்த பிறகு, தேர்வு முழுவதும் நேர்காணலில் நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்று அதே விதிமுறை சொல்கிறது. 83 வாங்கியவரும் 91 வாங்கியவரும் அந்த அறைக்குள் சமமாகவே நுழைகிறார்கள். ஒரு முறை எங்கள் குழு, வந்தவர்களிடம் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை இளங்கலை முதலாண்டு மாணவருக்கு நடத்துவதுபோலப் பத்து நிமிடம் கரும்பலகையில் நடத்தச் சொன்னது. பலர் சமன்பாட்டை எழுதி முடித்துவிட்டு, தம் ஆய்வில் அதை எங்கே பயன்படுத்தினார்கள் என்பதற்குத் தாவிவிட்டார்கள். ஒருவர் மட்டும் எதையும் எழுதாமல், செம்புக் கரைசலின் செறிவைப் பத்தில் ஒரு பங்காக்கினால் மின்கலத்தின் மின்னழுத்தம் கூடுமா குறையுமா என்று எங்களையே கேட்டுத் தொடங்கினார். மடக்கைக்கு முன்னே அந்தக் கழித்தல் குறி ஏன் வருகிறது என்பது அவர் பேச்சின் போக்கிலேயே புரிந்தது. வெளியிலிருந்து வந்திருந்த வல்லுநர் தம் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படிப் பாடம் நடத்தியவருக்குத்தான் பணி கிடைத்தது.

அறிவிப்புகளைப் பார்க்கும் இடங்களைச் சொல்கிறேன். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு, மானியக் குழு 2023 மே மாதம் தொடங்கிய சியு-சயன் தளத்தில் கணக்குத் தொடங்கி விவரங்களை நிரப்பி வையுங்கள். ஆனாலும் திருவாரூர், புதுச்சேரி, ஹைதராபாத் போன்ற நீங்கள் விரும்பும் பல்கலைக்கழகங்களின் சொந்தத் தளங்களை வாரம் ஒரு நாள் நேராகவே பாருங்கள். ஐஐடி, ஐசர் போன்ற மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனங்கள் தனி உலகம்: அங்கே நெட் கேட்பதில்லை, பல நிறுவனங்கள் ஆண்டு முழுவதும் விண்ணப்பங்களை ஏற்கின்றன. ஆனால் ஐஐடியில் முதல்நிலை உதவிப் பேராசிரியராக, முனைவர் பட்டத்துக்குப் பின் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். உங்கள் துறைக்கு இன்னோர் இடத்தையும் சொல்லியாக வேண்டும். அழகப்ப செட்டியார் தந்த நிலத்தில் எழுந்து 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே அறிவியலாளர் பணிக்கும் திட்டப் பணிக்கும் தனித்தனியே அறிவிப்பு வரும். தண்ணீர் மின்னாற்பகுப்பில் வேலை செய்த ஒருவர் அந்தத் தளத்தைப் பார்க்காமல் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.


நெய்தல் எழுதியது:

வணக்கம் சகோதரரே. நான் செர்மனியில் முதுமுனைவர் ஆய்வாளராக மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். என் துறை பொருளறிவியல் என்பதால் உங்கள் கேள்வி எனக்கு நெருக்கமானது.

காவிரிப்படுகை ஐயா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முனைவர் பட்டம் பெற்ற நாளிலிருந்து உங்கள் பெயரில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. எந்த உதவித்தொகை எப்போது மூடும் என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். செர்மனியின் அம்போல்ட் நிறுவனத்தின் இளநிலை ஆய்வாளர் பிரிவுக்குப் பட்டம் பெற்று நான்கு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்; கடைசி நாள் என்று ஒன்று இல்லை, ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் உதவித்தொகைக்கு ஆறு ஆண்டுகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி உதவித்தொகைக்கு விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பரில் முடியும். அதில் நீங்கள் போக விரும்பும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. இந்தியாவிலேயே இருந்து செய்ய விரும்பினால், அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளையின் தேசிய முதுமுனைவர் உதவித்தொகை இருக்கிறது; இரண்டு ஆண்டுகள், வயது வரம்பு 35, உங்கள் பிரிவுக்குத் தளர்வும் உண்டு. மத்திய அரசின் இன்ஸ்பயர் ஆசிரியர் திட்டம் ஐந்து ஆண்டுகள் தனி ஆய்வாளராக நிற்க வைக்கும், ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் ஆய்வு நிதியும் தரும். பொதுவான வயது வரம்பு 32 என்பதால், உங்களுக்கு அதுதான் முதலில் மூடும் கதவு. இந்த ஆண்டு அழைப்பு வந்தால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு அதை எழுதுங்கள்.

அறுபது மின்னஞ்சல்களைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். எங்கள் பேராசிரியருக்கு நாள்தோறும் அப்படி வருகின்றன. மாண்புமிகு ஐயா அல்லது அம்மா என்று தொடங்கி, நான் கடின உழைப்பாளி என்று தொடர்பவை திறந்த வேகத்தில் மூடப்படுகின்றன. நான் இங்கு வந்த கதையைக் கேளுங்கள். எங்கள் குழுவின் கட்டுரை ஒன்றில் மூன்றாவது படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லியாம்பியரில் அவர்கள் காட்டிய மிகை மின்னழுத்தம் முதல் நூறு மணி நேரம் அசையாமல் இருந்து, பிறகு மெல்ல ஏறுவதைக் கவனித்தேன். கட்டுரையில் அதற்கு விளக்கம் இல்லை. கரைசலில் இருக்கும் இரும்பு மாசு மின்முனையில் படிந்து பிறகு கழன்று போவதால் அப்படி நேரலாம் என்றும், என் ஆய்வேட்டின் நான்காம் இயலில் அதே போக்கைக் கண்டேன் என்றும் எட்டு வரியில் எழுதி, அந்த ஒரு வரைபடத்தை மட்டும் இணைத்து அனுப்பினேன். வேலை கேட்கவே இல்லை. மூன்றாம் நாள் இணையவழியில் பேசலாமா என்று பதில் வந்தது. பணம் எந்தத் திட்டத்திலிருந்து என்பதை நானும் பேராசிரியரும் சேர்ந்தே பிறகு முடிவு செய்தோம். நீங்களும் அறுபது பேரை விட்டுவிட்டு ஆறு பேரைத் தேர்ந்தெடுங்கள்; ஒருவருக்கு ஒரு வாரம் கொடுங்கள்.

வேலை அறிவிப்புகளுக்கு ஐரோப்பா முழுமைக்கும் யூராக்ஸஸ் தளமும் பிரிட்டனுக்கு ஜாப்ஸ்.ஏசி.யுகே தளமும் போதும். அமெரிக்காவில் நிரந்தரத் தடத்திலான ஆசிரியர் பணிகளுக்கு ஆகஸ்டு முதல் நவம்பர் வரை அறிவிப்புகள் குவியும், குளிர்காலத்தில் நேர்காணல், இளவேனிலில் முடிவு. அந்தப் பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதுமுனைவர் ஆய்வுக்குப் போனால் வெளிநாட்டிலேயே நிலைத்துவிடலாம் என்று நம்பி வராதீர்கள். செர்மனியில் பல்கலைக்கழக ஆய்வாளரைத் தகுதி பெறும் காலம் என்ற பெயரில் ஒப்பந்தத்தில் வைத்திருக்க முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டுகள், பின் ஆறு ஆண்டுகள் என்று சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. அதற்குள் பேராசிரியர் பதவி கிடைப்பவர் மிகச் சிலர். என்னோடு வந்தவர்களில் திரும்பும் வழியை முதல் நாளிலேயே யோசித்தவர்கள்தான் இன்று நிம்மதியாக இருக்கிறார்கள். வெளிநாட்டில் பணியாற்றும்போதே விண்ணப்பிக்க வேண்டிய ராமானுஜன் உதவித்தொகை அதற்கென்றே இருக்கிறது. 40 வயதுக்குள் இருக்க வேண்டும், இந்தியாவில் உங்களை ஏற்கும் நிறுவனம் ஒன்று வேண்டும். அந்த நிறுவனத்தோடு பேச்சை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கிவிட வேண்டும்.


பொருநைக்கரை எழுதியது:

ஐயாவுக்கும் சகோதரிக்கும் மிக்க நன்றி. படித்து முடித்ததும் இ-சேவை மையத்துக்குச் சென்று விண்ணப்பித்துவிட்டேன். இன்ஸ்பயர் திட்டத்துக்கு இவ்வளவு குறைந்த காலமே இருக்கிறது என்பது எனக்குத் தெரியவே தெரியாது. வழிகாட்டியிடமும் இன்று பேசினேன். ஒரு கேள்வி மிஞ்சியிருக்கிறது. உதவித்தொகை எதுவும் உறுதியாக ஏழெட்டு மாதமாவது ஆகும். அதுவரை கல்லூரியில் சேர்வது சரியா? ஒரு சுயநிதிக் கல்லூரியில் திங்கட்கிழமையே வரச் சொல்கிறார்கள்.


ஆலமர நிழல் எழுதியது:

வணக்கம் தம்பி. அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் பதினேழு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் சுயநிதிப் பிரிவிலும் கௌரவ விரிவுரையாளராகவும் இருந்தேன். ஆகவே உங்கள் திங்கட்கிழமையைப் பற்றி நான் பேசலாம் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்குப் பணம் வேண்டும் என்றால் சேருங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் கையெழுத்திடும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூலச் சான்றிதழ்களை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்களா? அப்படிக் கேட்டால் சேராதீர்கள். நான் ஒரு முறை கொடுத்துவிட்டு, நேர்காணலுக்குப் போக அவற்றைத் திரும்பப் பெறுவதற்குள் நேர்காணலே முடிந்துவிட்டது. பாதியில் விலகினால் எத்தனை மாதச் சம்பளத்தைக் கட்ட வேண்டும்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு? மானியக் குழுவின் கணக்கில் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். அதைத் தாண்டி 24, 26 என்று சொன்னால், இரவில் உட்கார்ந்து உதவித்தொகைக்கு எழுதும் தெம்பு உங்களுக்கு இருக்காது. எனக்கு இருக்கவில்லை. முடிக்காமல் விட்ட இரண்டு கட்டுரைகள் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.

நிரந்தரக் கற்பித்தல் பணிக்கான வழிகளைப் பற்றியும் சொல்கிறேன். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியமே தேர்வு நடத்துகிறது. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஆனால் தேர்வு தள்ளிப்போய்ப் பலரின் திட்டங்கள் குலைந்தன. ஆகையால் வாரியத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே இருங்கள், அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். உதவிபெறும் கல்லூரிகள் தாங்களே நாளிதழில் விளம்பரம் கொடுக்கும். எந்த இடம் எந்தப் பிரிவினருக்கு என்ற இனச்சுழற்சி விவரமும் அதில் இருக்கும். அதைப் படிக்காமல் விண்ணப்பித்து அஞ்சல் செலவை வீணாக்குவோர் பலர். சிறுபான்மை நிறுவனங்களுக்கு அந்தச் சுழற்சி பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எழுதத் தயங்கினாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன் வேறொரு கல்லூரியில் நேர்காணல் நன்றாக முடிந்தது. மறுநாள் நிர்வாகத்தின் சார்பில் ஒருவர் தொலைபேசியில் பேசி, என் அப்பாவின் நிலத்தை விற்றாலும் எட்டாத ஒரு தொகையைச் சொன்னார். அப்பா விற்கலாம் என்றார். நான் மறுத்துவிட்டேன். அதன்பின் மூன்று ஆண்டுகள் கௌரவ விரிவுரையாளராகவே கழிந்தன. அந்த மூன்று ஆண்டும் கடினமானவைதான். ஆனால் இன்று வகுப்பறையில் நிற்கும்போது யாருக்கும் கடன்பட்டவனாக நிற்கவில்லை. உங்களிடம் அப்படிக் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். உங்கள் கையில் நான்கு கட்டுரைகளும் நெட் தகுதியும் இருக்கின்றன. வேறு கதவுகள் இருக்கின்றன.


காவிரிப்படுகை எழுதியது:

ஆலமர நிழல் ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். சேர்வதென்றால் நியமன ஆணையின் படியையும், சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறியதற்கான பதிவையும் முதல் மாதத்திலிருந்தே தனிக் கோப்பில் சேர்த்து வாருங்கள் தம்பி. ரொக்கமாகத் தரும் இடத்தில் வேலை செய்தால், பிற்பாடு அந்த அனுபவத்துக்குச் சான்று காட்டுவது மிகவும் கடினம். ஓர் ஆண்டுக்குக் குறைந்த அனுபவத்துக்கும் அட்டவணையில் விகிதப்படி மதிப்பெண் உண்டு என்பதால், ஏழு மாதமே இருந்தாலும் விலகும்போது அனுபவச் சான்றை விட்டுவிடாதீர்கள்.

இன்ஸ்பயர் முன்மொழிவின் முதல் வரைவு தயாரானதும், உங்கள் வழிகாட்டியின் ஆய்விலிருந்து உங்கள் ஆய்வு எங்கே பிரிகிறது என்ற பத்தியை மட்டும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். மதிப்பீட்டாளர்கள் முதலில் தேடுவது அதைத்தான். பெரும்பாலான வரைவுகளில் அந்தப் பத்தியே இருப்பதில்லை.